கடைசிக் கட்டத்துச் சைபர்

இன்று காலை கூரியர்காரர் ஒரு பொட்டலத்தைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். "யக்கா, உள்ள கருவாடு கிருவாடு இருந்தா மொதல்லயே சொல்லிருங்க. பையில இருக்க எல்லாத்துலயும் வாடை ஏறிப்போச்சு" என்றார். கருவாடு இல்லை, கம்ப்யூட்டர் பெட்டி என்றேன். அவர் நம்பவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, விரலை மோந்து பார்த்தபடியே போனார்.

பிரித்தேன். ஜெகதாப்பட்டினத்து வாடை. டீசலும் உப்பும், ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீனும், காயாத வலையும் கலந்த அந்த வாடை. நீயும் நானும் எட்டு வருடம் புரோகிராம் எழுதிய அதே கறுப்புப் பெட்டிதான். விசைப்படகில் டிரைவருக்குப் பக்கத்தில் மாட்டுவது. எல்லைக் கோட்டை நெருங்கினால் கத்துவது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் படகின் பெயரோடு கரைக்கு ஆபத்துச் செய்தி அனுப்புவது. அதன் முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவில், நீல மையில்: "பேர் மாத்தணும். முத்துமாரி கவிதா சங்கீதா செல்வராசு." கீழே ஒரு போன் எண். படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உடனே உன்னைக் கூப்பிடத்தான் கை போனது. நீ போய் மூன்று வருடமாகியும் இந்தக் கைக்கு மட்டும் விஷயம் எட்டவில்லை. உன் எண்ணை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வாட்ஸப்பில் உன் பெயருக்கு எதிரே இப்போது ஒருவர் பைக்கில் சாய்ந்து நிற்கிறார், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு. எனக்கு அழிக்க மனம் வரவில்லை. அவருக்கு நான் யாரென்றே தெரியாது.

மகன் பள்ளிக்கூடம் போனபின் இந்த அரிமளம் வீட்டில் மின்விசிறியும் நானும்தான். தோஹாவிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தால், "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்பார். "போகுது" என்பேன். அதற்கு மேல் என்ன சொல்வது? நாள் முழுக்கப் பெயர்களை எடுத்து ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்தில் வைக்கிறேன், வைக்கும்போது சிந்தாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அவர் சிரிப்பார். இந்த மாவட்டத்தில் அது புரிந்தவள் நீ ஒருத்திதான் இருந்தாய். குளத்தூரில் நீ, இங்கே நான், நடுவே ஒரு போன். அது போதுமாக இருந்தது.

அலுவலகத்தின் விதி உனக்கு நினைவிருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து 'சரி' என்று குறித்தால்தான் அது பெட்டிக்குள் போகும். எல்லோரும் திரையில் கண்ணை ஓட்டிவிட்டுக் குறிப்பார்கள். நீ மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணு பொய் சொல்லும்டி. இருக்கணும்னு நெனைக்கிறதத்தான் அது பாக்கும். வாயால படி" என்பாய். பகல் பத்தரைக்கு நீயோ நானோ கூப்பிடுவோம். ஒருத்தி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவள் கணக்குப் பாடத்துக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் நிரப்ப வேண்டும். உன் வீட்டுக்குப் பின்னால் மாவு மில் ஓடும் சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் குளத்தூரில் கரண்ட் போனது எனக்கும் தெரியும்.

நான் ஒரு வரியைப் படித்து நிறுத்தியதும் நீ கேட்பாய்: "சைபர் எங்கடி?"

சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பெயரை வைப்பது வரிசையாகக் கட்டங்களில் எழுத்தை அடுக்குவதுதான். எழுத்து முடிந்ததும் அடுத்த கட்டத்தில் ஒரு சைபர் வைக்க வேண்டும். இத்தோடு பெயர் முடிந்தது என்று சொல்வது அந்தச் சைபர்தான். அதை வைக்க மறந்தாலும், கட்டம் பத்தாமல் போனாலும் அந்த மொழி ஒரு வார்த்தை கேட்காது. தன் பாட்டுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஏறி, அங்கே எது இருந்தாலும் அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். அதனால்தான் உன் நோட்டில் ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கட்டம் கறுப்பாக அடைக்கப்பட்டிருக்கும். அடைக்கும்போது பென்சில் உரசும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். அது கேட்டால்தான் நான் அடுத்த வரிக்குப் போவேன்.

எனக்குப் பொறுமை குறைவு. பாதி படிக்கும்போதே "சரி, சரி, அடுத்தது" என்பேன். அதனால் நீ எனக்கு வைத்த பெயர் சரிக்காரி. "ஏன்டி சரிக்காரி, ஒங்க வீட்டுல பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்புடித்தான் பாக்காமலே சரின்னியா?" என்று கேட்டாய் ஒரு நாள். ஆமாம், அப்படித்தான் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் மாவு மில் சத்தமே கேட்கவில்லை.

அந்தக் காதுகுத்து நாளைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டது ஒரே ஒரு முறைதான். இன்று முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

படகுகளின் பெயர் அதுவரை இங்கிலீஷில்தான் பெட்டியில் தெரியும். தமிழில் வேண்டும் என்று துறைமுகத்தில் கேட்டார்கள். நீ எழுதினாய். பெயருக்கு நாற்பத்தெட்டு கட்டம். 'முத்துமாரி கவிதா' என்ற படகுதான் அன்று இருந்ததிலேயே நீளமான பெயர். சைபரையும் சேர்த்து நாற்பத்தேழு கட்டத்தில் அடங்கியது. ஒரே ஒரு கட்டம் மிச்சம். எனக்கு அனுப்பும்போது குறிப்பு எழுதியிருந்தாய்: 'பெரிய பேர் வந்தால் பத்தாது. துறைமுகத்தில் கேட்டுவிட்டு எண்ணிச் சொல்லு.' அன்று திருமயத்தில் கொழுந்தன் மகளுக்குக் காதுகுத்து. நீ படிக்கக் கூப்பிட்டபோது நான் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். "நானே பாத்துக்கிறேன், வையி" என்றேன்.

கேட்கத்தான் செய்தேன். முத்துமாரி படகின் சொந்தக்காரர் கருப்பையா அண்ணன், தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறது, அதன் பெயரையும் சேர்க்கப் போகிறோம் என்றார். கவிதா அவர் மகள், சங்கீதா தம்பி செல்வராசுவின் மகள். ஆக, 'முத்துமாரி கவிதா சங்கீதா'. கண்ணாடி முன் நின்றபடி விரல் விட்டு எண்ணினேன். மு, த், து, மா, ரி, ஐந்து. கவிதா மூன்று. சங்கீதா நான்கு. பன்னிரண்டு எழுத்து. தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று கட்டம், முப்பத்தாறு. இரண்டு இடைவெளி, ஒரு சைபர், முப்பத்தொன்பது. நாற்பத்தெட்டு தாராளம். 'சரி' என்று குறித்துவிட்டுப் பூ வைக்கப் போனேன்.

ஒன்றாம் வகுப்பில் எண்ணிய மாதிரி எண்ணியிருக்கிறேன். பெட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதற்கு 'கீ' என்பது ஓர் எழுத்து இல்லை. 'க'வுக்கு ஒரு மூன்று கட்டம், மேலே போடும் சுழிக்குத் தனியாக ஒரு மூன்று. புள்ளிக்கும் காலுக்கும் அப்படியே. அந்தப் பெயருக்கு அறுபத்தொன்பது கட்டம் வேண்டும். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சேலை மடிப்பைப் பிடித்திருந்த அந்த ஐந்து நிமிடம் மட்டும் எனக்குத் தெரியாமல் போனது. உன்னோடு வாய்விட்டுப் படித்திருந்தால் சங்கீதாவின் 'ச'விலேயே உன் பென்சில் நின்றிருக்கும்.

கட்டத்துக்குள் அடங்காத எழுத்துகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் கத்த வேண்டும் என்ற எண் இருந்த இடம் அது. தூரம் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால்தான் பெட்டி கத்தும். மேலே ஏறிய எழுத்துகளால் அது மைனஸ் ஆகிவிட்டது. தூரம் ஒருநாளும் மைனஸ் ஆகாது. எனவே பெட்டி ஒருநாளும் கத்தாது. பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதமே கருப்பையா அண்ணனும் இன்னும் மூன்று பேரும் எல்லைக் கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கடற்படையிடம் பிடிபட்டார்கள்.

மீனுக்காகப் பெட்டியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் முடிவு கட்டினார்கள். வழக்கம்தானே என்று நானும் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதவே கை கூசுகிறது. நீதான் கேட்டாய்: "அமத்தியிருந்தா படகு எங்கிட்டு இருக்குன்னு வர்ற தகவலும் நின்னுருக்கணும்ல? அது வந்துக்கிட்டேதான இருந்துச்சு?" மறுநாள் பத்தரைக்குக் கூப்பிட்டாய். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு நீயே படித்தாய், நீயே நிரப்பினாய். நாற்பத்தெட்டில் நிறுத்தினாய். மில் ஓடிக்கொண்டிருந்தது.

"இத நீ படிச்சியா?"

"படிக்கல" என்றேன்.

நோட்டை மூடிவிட்டுப் போனை வைத்தாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்கு பேரும் ஆறு வாரம் கழித்து வந்தார்கள். படகு வரவில்லை. நாம் பஸ் ஏறிப் போனோம், அலுவலகத்தில் சொல்லாமல். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கொட்டகையில் கருப்பையா அண்ணன் யாருடைய வலையையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். நமக்கு டீ சொல்லிவிட்டு, வலையிலிருந்து கையை எடுக்காமலே நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்டி கத்தலண்ணே. நீங்க அமத்தல. எங்க எழுத்துல தப்பு" என்றாய் நீ. எங்க என்றாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார். "அப்ப நான் அமத்தலன்னு ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

"தெரியும்ணே."

"எந்தம்பிக்குத் தெரியாதே" என்றார். "பெட்டிய அமத்திட்டுப் போயி போட்டத் தொலைச்சுட்டு வந்தவன்னு ஊரு முன்னால சொல்லிட்டான். என் மொகத்துல முழிக்க மாட்டேங்கிறான். நான் சொன்னா எடுபடாதும்மா. நீங்க யாராச்சும் அவங்கிட்ட சொல்லுங்க."

செல்வராசு அன்று ஊரில் இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த நீ சொன்னாய்: "அண்ணங்கிட்ட நான் சொல்லிட்டேன். தம்பிகிட்ட நீதான் சொல்லணும். சரி போட்டது நீ." சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம், நீ தப்பை அலுவலகத்தில் சொன்னதும், இதைப் பற்றி வெளியில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. நான்கு வருடம் ஓட்டிவிட்டேன்.

நீ அப்படி இல்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினாய். பெயருக்கு நூற்று இருபத்தெட்டு கட்டம் ஆக்கினாய். ஆனால் ஆபத்துச் செய்தியில் பெயருக்கு அறுபத்து நான்குக்கு மேல் இடமில்லை. அது நம் கையில் இல்லாத அளவு. நீளமான பெயரை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். எல்லோரும் பின்னால் வெட்டுவார்கள். நீ முன்னால் வெட்டினாய். கடைசியிலிருந்து அறுபத்து மூன்று கட்டம் பின்னால் வந்து, அங்கிருந்து அடுத்த இடைவெளி வரை நடந்து, அதற்குப் பின் இருப்பதை மட்டும் அனுப்பு. மேலே தமிழில் ஒரு குறிப்பு: 'இந்தத் துறைமுகத்தில் பெயரின் முன்பக்கம் சாமி. எல்லாப் படகுக்கும் ஒன்றுதான். ஆள் யாரென்பது பின்பக்கம் இருக்கிறது.'

அதை எனக்கு அனுப்பிய மறுநாள் உனக்குக் காய்ச்சல். திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து போனில் பேசியபோது குரல் கம்மியிருந்தது. "அந்தச் செய்தி அனுப்புற பகுதிய இன்னும் படிக்கலடி. வந்ததும் படிப்போம். அதுவரைக்கும் கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு, சரிக்காரி" என்றாய். ஒன்பதாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள், அந்தப் பகுதி எப்போது தயாராகும் என்று. திறந்தேன். உன் வரிகள். முதல் வரியை வாய்விட்டுப் படிக்கப் பார்த்தேன். எதிர்முனையில் மில் சத்தம் இல்லாமல் எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. நீ எழுதியது, தப்பாகவா இருக்கும் என்று நினைத்துக்கொண்டு 'சரி' என்று குறித்துவிட்டேன். ஆக, வாழ்க்கையில் இரண்டு முறை படிக்காமல் சரி போட்டிருக்கிறேன். ஒன்று சேலைக்காக. மற்றது உனக்காக.

இன்று இந்தப் பெட்டி வந்த அதே நேரத்தில் திரையில் ஒரு மாற்றம் என் 'சரி'க்காகக் காத்திருந்தது. சென்னை அலுவலகத்தில் இருப்பவர் அனுப்பியது. என்னைவிட மூத்தவர், முகம் பார்த்ததில்லை. பழைய எழுத்தில் பெயர்களை நகல் எடுக்கும் இடங்களை எல்லாம் தேடிப் பிடித்து, கட்டம் தீர்ந்ததும் தானாக வெட்டிவிட்டுச் சைபர் வைக்கும் முறைக்கு மாற்றியிருந்தார். நல்ல வேலை. நாம் அன்று செய்திருக்க வேண்டிய வேலை. மூன்றாம் தடவையும் 'சரி' போடத்தான் கை நகர்ந்தது. மேஜையிலிருந்து கருவாட்டு வாடை அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் மகனுடைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தேன்.

வாய்விட்டுப் படித்தேன். முதலில் முணுமுணுப்பாக, பிறகு உன்னிடம் படிக்கும் அளவுக்கு. ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"யாரு வந்துருக்கா, பேச்சுச் சத்தம் கேக்குது?"

"யாரும் இல்லக்கா. நாந்தான்."

செய்தி அனுப்பும் பகுதிக்கு வந்தேன். உன் வரிகளையும் உன் குறிப்பையும் அவர் எடுத்துவிட்டிருந்தார். 'நினைவகத்தில் முன்னும் பின்னும் நடப்பது ஆபத்து. புதிய முறையே வெட்டிக்கொள்ளும், இது தேவையில்லை' என்று காரணம் எழுதியிருந்தார். அந்தத் தாளில் அறுபத்து நான்கு கட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பெட்டி முதுகில் ஒட்டியிருந்த பெயரை நிரப்பினேன். 'முத்துமாரி கவிதா சங்கீ' என்று வந்து, பாதி உடைந்த ஒரு எழுத்தோடு இடம் தீர்ந்தது. சைபர் சரியாக உட்கார்ந்தது. ஒரு கட்டமும் தாண்டவில்லை. பிறகுதான் அண்ணனுடைய படகின் பெயரைப் பட்டியலில் தேடினேன். 'முத்துமாரி கவிதா சங்கீதா கருப்பையா.' பிரிந்த பிறகு ஆளுக்கொரு பழைய படகு வாங்கியிருக்கிறார்கள். பெயரில் வித்தியாசம் கடைசிச் சொல்லில் மட்டும்தான். அதையும் நிரப்பினேன். 'முத்துமாரி கவிதா சங்கீ.' ஒரே மாதிரி. கடலில் அண்ணன் பொத்தானை அழுத்தினாலும் தம்பி அழுத்தினாலும் கரையில் ஒரே பெயர்தான் வரும். பதிவு எண்ணும் கூடவே வரும், உண்மைதான். கரையில் ஓடிவந்து நிற்கிறவர்களில் யார் எண்ணைப் பார்ப்பார்கள்?

உன் வரிகளின்படி நிரப்பினால் ஒன்றில் 'சங்கீதா கருப்பையா', மற்றதில் 'சங்கீதா செல்வராசு'. நீ உயிரோடிருந்தபோது இவர்கள் ஆளுக்கொரு படகு வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் உன் வரிகள் இருவரையும் பிரித்துக் காட்டின.

பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு உன் பழைய வரிகளை எடுத்து, நீ சொன்னபடி, மூன்று வருடம் தாமதமாகப் படிக்கத் தொடங்கினேன். நான்காவது வரியில் நின்றேன். அடுத்த இடைவெளி வரை நட என்று எழுதியிருக்கிறாய். இடைவெளியே இல்லாவிட்டால்? படகின் பெயரைப் போனில் தட்டிப் பதிகிறவர்கள் 'அருள்மிகுமுத்துமாரியம்மன்' என்று ஒரே மூச்சில் தட்டுவார்கள். அப்போது உன் வரி நடக்கும், நடக்கும், பெயரின் முடிவைத் தாண்டி, சைபரைத் தாண்டி, அடுத்தவர் இடத்துக்குள் நடந்துகொண்டே இருக்கும். சைபர் வந்தால் நில் என்று நீ சொல்லவில்லை. எத்தனை ஆயிரம் முறை என்னைக் கேட்ட கேள்வி, உன் வரியில் உனக்கே மறந்துவிட்டது. உனக்குக் காய்ச்சல் அன்றே தொடங்கியிருந்ததோ என்னவோ.

பட்டியல் முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு பெயர் இதுவரை ஏறவில்லை. மூச்சு வந்தது.

முதல் முறையாக உன்னைப் பிடித்துவிட்டேன். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட முடியாதது. "ஏன்டி, சைபர் எங்க?" என்று கேட்டு உன்னைக் கிண்டலடிக்க வேண்டும் போல அப்படி ஓர் ஆசை எழுந்தது. அந்தச் சந்தோஷத்தோடு நிமிர்ந்து பார்த்தால் எதிரே சமையல்கட்டு வாசல். யாரும் இல்லை. நீ செத்த அன்றுகூட நான் இப்படி அழவில்லை. உன் மேல் கோபம் கோபமாக வந்தது. வந்ததும் படிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனவளுக்கு எப்படித் திட்டை அனுப்புவது?

முகம் கழுவிக்கொண்டு வந்து, காகிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். நீ இருந்து இந்த ஓட்டையை நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொல்லியிருப்பாய்.

செல்வராசு எடுத்தார். பின்னால் இன்ஜினை யாரோ ஓட்டிப் பார்க்கும் சத்தம். பெட்டி வந்துவிட்டது என்றேன். உடனே உண்மைக்கு வர தைரியமில்லை. பெயரைப் பற்றிப் பேசினேன்.

"பேரு நீளமா இருக்குண்ணே. கவிதான்னு இருக்கே, அது ஒங்க அண்ணன் மகதான? அத எடுத்துட்டா கொஞ்சம் கொறையும்."

"அத எடுக்கக் கூடாதுங்க" என்றார். "போட்டுல எழுதுன பொம்பளப்புள்ள பேர எடுக்க மாட்டோம். பெரியவங்க ஆயிரம் சண்டை போடுவோம், புள்ள என்ன பண்ணுச்சு? அவரும் எம்மக பேர எடுக்கலைல்ல."

அதற்கு மேல் நான் எதையும் தள்ளிப்போடவில்லை. "அண்ணே, ஒங்க அண்ணன் அன்னைக்குப் பெட்டிய அமத்தல. எங்க எழுத்துல தப்பு. அதப் பாத்துச் சரின்னு சொன்னது நான். படிக்காமச் சொன்னேன்."

இன்ஜின் சத்தம் நின்றது. அவர் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"இத அப்பவே சொல்லிருக்கலாமுல்ல."

"சொல்லிருக்கணும்ணே."

"நாலு வருசமுங்க" என்றார். "ஒங்ககூட இன்னொருத்தங்க வந்தாங்களாமே, எங்க அண்ணங்கிட்டப் பேசுனாங்கன்னு கேள்விப்பட்டேன். நாந்தான் நம்பல. அவங்க எங்க?"

"அவங்க இப்ப இல்லண்ணே."

பெட்டி எப்போது வரும் என்று கேட்டார். இரண்டு நாளில் என்றேன். "கவிதா பேர எடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மன்னிப்பெல்லாம் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் எழுந்து அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாரா, இன்ஜினை மறுபடி ஓட்டச் சொன்னாரா, தெரியாது. அலுவலகத்துக்கு இது தெரிந்தால் என் வேலை என்ன ஆகும் என்பதும் தெரியாது. பஸ்ஸில் உனக்குச் சொன்ன வார்த்தை ஒன்று முடிந்தது. உனக்குத் தெரிவிக்க வழியில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு உன் வரிகளை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். உன் குறிப்பையும் ஓர் எழுத்து மாற்றாமல் வைத்தேன். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: சைபர் வந்தால் நில், பெயருக்குப் பதில் பதிவு எண்ணை அனுப்பு. நான் எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டும். சென்னைக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு படகு, ஒரே பெயர் என்றேன். "இது எனக்குத் தோணவே இல்லைங்க மேடம்" என்றார். எங்களுக்கும் எளிதில் தோன்றியதில்லை என்றேன்.

"படிச்சுக் காட்டுறேன் சார். ஒரு தாள்ல கட்டம் போட்டுக்குங்க."

"ஸ்கிரீன்ல தெரியுதே மேடம்."

"தெரியும் சார். இருந்தாலும் படிக்கிறேன்."

அவர் சிரித்தார். பிறகு மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. முதல் வரியைப் படித்து நிறுத்தினேன், எப்போதும் நிறுத்துவது போல. அந்தப் பக்கம் ஏசியின் இரைச்சல் மட்டும் இருந்தது. மில் இல்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். இந்த எடத்துல நீங்க ஒண்ணு கேக்கணும். சைபர் எங்கன்னு கேக்கணும்."

"ஓ. சரிங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நேர்காணலில் கேட்பது போல மரியாதையாகக் கேட்டார்: "சைபர் எங்க மேடம்?"

என் தாளில் கடைசிக் கட்டத்தைப் பென்சிலால் அடைத்தேன். கறுப்பாகும் வரை அடைத்தேன். அந்த உரசல் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"வெச்சிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.